கடைசி பெஞ்சின் தறி

வெள்ளிக்கிழமை ஆறாம் பாடவேளை
பேச்சுப் பயிற்சி.
ஏழாம் வகுப்பு பி பிரிவில்
முப்பத்தொரு பேர்,
வாசலில் ஒரு செவலை நாய்.
"ஆன்றோர்களே, சான்றோர்களே" என்று
நவநீதன் தொடங்கியதும்
எல்லாரும் நாயைத் திரும்பிப் பார்த்தோம்.

ரெஜினா டீச்சர் கரும்பலகையில் எழுதியிருந்தார்:
கையைப் பிசையாதே.
விட்டத்தைப் பார்க்காதே.
மறந்துவிட்டால் மூச்சு விடு.
மூன்றாவதை மட்டும்
எல்லாரும் சரியாகச் செய்தோம்.

அடுத்து சௌடேஸ்வரி.
அவளா பேசத் தெரியாதவள்?
சோமனூர் ரோட்டில் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.
எட்டுத் தறி ஓடும் கொட்டகையில்
"அப்பா, ஆறாம் நம்பர்ல பாவு அறுந்துருச்சுங்" என்று
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு
ஒரே கத்தலில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.
தார் சுற்றிக்கொண்டே
ஒரு சினிமாக் கதையை முழுக்கச் சொல்வாள்,
பாதி தொண்டையில், பாதி உதட்டில்.
உதட்டைப் படிக்க
தறிக்காரர் பிள்ளைகளுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவள்
மேசைக்கு முன்னால் வந்து நின்று
தலைப்பைச் சொன்னாள்: மழைநீர் சேகரிப்பு.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
மின்விசிறிகூட அன்றைக்கென்று பழுது.
வெளியே ஒரு டவுன்பஸ் போனது.
அது போனபின்
முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக அமைதி.
பின்னல் ரிப்பனைச் சுண்டுவிரலில்
சுற்றினாள், பிரித்தாள், சுற்றினாள்.
மூன்று வெள்ளி இப்படியே போயிற்று.

நாலாவதில்
"சத்தமே இல்லீங் டீச்சர்" என்றாள்.
"அதுதானே வேணும்?"
"அதுதானுங் ஆக மாட்டேங்குது."

யார் முதலில் தட்டியதென்று தெரியாது.
சுபாஷ் நாயக் என்று பின்னால் சொன்னார்கள்.
ஒடிசாவிலிருந்து வந்து இரண்டே வருஷத்தில்
எங்களைவிட நன்றாக "ஏனுங்" போடுகிறவன்,
அவன் அப்பாவும் ராத்திரி ஷிப்ட் தறிதான்.
டடக் டடக், டடக் டடக்,
பெஞ்சுப் பலகையில் இரண்டு கை.
பிரகதி சேர்ந்தாள். நான் சேர்ந்தேன்.
கொஞ்ச நேரத்தில் முப்பது பேரும்
ஒரே கொட்டகை.
பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தார்.
டீச்சர் அவருக்கு உள்ளங்கையை மட்டும் காட்டினார்.

சௌடேஸ்வரி
மழைநீரை விட்டுவிட்டாள்.

"தறி நின்னா எங்க ஊட்டுல பயமுங்.
கரண்டு போனா நிக்கும்.
நூல் வரலீனா நிக்கும்.
கூலி ஸ்ட்ரைக்குக்கு முப்பத்தாறு நாள் நின்னுச்சுங்.
அப்பல்லாம் என்ற அப்பா பேசவே மாட்டாரு.
அம்மா கரண்டி வெக்கற சத்தம்
அந்தக் கோடி வரைக்கும் கேக்கும்.
மளிகைக்கடை அண்ணன் வந்தா
அப்பா இல்லீங்கன்னு சொல்ல
என்னையத்தான் வாசலுக்கு அனுப்புவாங்க.
நான் நல்லாப் பேசுவேனாமா."

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.
கேட்கத் தொடங்கிய கைகள்
தட்ட மறந்துபோயின.
முன்வரிசை நின்றது. ஜன்னலோரம் நின்றது.
பிரகதி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.
கடைசியில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே தறி.
அது நான்.

என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.
நிறுத்தினால் அவளும் நின்றுவிடுவாளோ?
விரல் கணு சிவக்கத் தட்டினேன்.
பேச்சுக்கு நடுவில்
அவள் என்னைப் பார்த்தாள்.
உதடு மட்டும் அசைந்தது:
போதும்டா.

நிறுத்தினேன்.
அவளும் நின்றாள்.
ஒரு மூச்சு. இன்னொன்று.
வாசலில் நாய் காதைச் சொறிந்தது.
"அப்புறம்" என்றாள், சின்னக் குரலில்,
எட்டுத் தறிக்கும் எட்டாத குரலில்,
"முப்பத்தேழாம் நாள் காலைல ஓட்டுனாங்க.
நான் தூங்கிட்டிருந்தேன்.
சத்தத்துல முழிக்கலீங்,
இன்னும் நல்லாத் தூங்கிட்டேன்."

முடிந்ததா இல்லையா என்று தெரியாமல்
கொஞ்சம் தாமதமாகத்தான் கைதட்டினோம்.
அவள் நன்றி வணக்கம் சொல்ல மறந்து
இடத்தில் போய் உட்கார்ந்தாள்.
அதற்கு ஒரு மதிப்பெண் போனது.

டீச்சர் அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்.
எழுந்து நடந்தேன்.
எனக்கு என்ன சத்தம் வேண்டுமென்று
மேசை வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.